மணல்முனையில் இறங்கிய சரக்கு

விருதுநகர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அருணாதேவி எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்திருந்தால், தயவுசெய்து முழுவதையும் படித்துவிடுங்கள். போனில் மூன்று தடவை முயன்றேன். ஒரு மணி அடித்ததும் நின்றுவிடுகிறது. என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பதாக என் மாணவி ஒருத்தி சொல்லித்தான் புரிந்தது. இங்கிருந்து சிவகாசிக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எனக்குத் தபால்தான் வழி.

ஜெரினைக் கல்யாணம் செய்து பதினோரு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி எழுத இந்தக் கடிதம் இல்லை. வேலை விஷயமாகத்தான்.

மணல்முனைத் துறைமுகத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறதே பழைய ஜெட்டி, அதைப் புதுப்பிக்கிறார்கள். தை மாதம் திறப்பு விழா. அன்றைக்கு வெளியிட அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதித் தரும்படி விழாக் குழு என்னைக் கேட்டிருக்கிறது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் என்பதால் மட்டுமில்லை, பூட்டையா பத்திரகாளிக்குக் கொள்ளுப்பேத்தி என்பதாலும்தான் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதமாகத் தேடியதில் நிறையக் கிடைத்திருக்கிறது. 1868இல் ஒரு வெள்ளைக்காரப் பஞ்சுக் கம்பெனி பனைமரத்தை ஊன்றி முதலில் கட்டியிருக்கிறது. ஆறு வருஷத்தில் புயல் கொண்டுபோனது. பிறகு கப்பலில் இரும்புத் தூண் கொண்டுவந்து திருகி இறக்கி, மேலே தேக்குப் பலகை பாவி, நானூறு அடிக்கு இழுத்திருக்கிறார்கள். தள்ளுவண்டி போகத் தண்டவாளமும் உண்டு. கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல் ஆறு மைல் தள்ளி நிற்கும். தோணிதான் போய் வரும். அப்போது விருதுபட்டி என்று பெயர் இருந்த நம் ஊரிலிருந்து பஞ்சும் வத்தலும் மாட்டுவண்டியில் நாலு நாள் பயணம் போயிருக்கின்றன. ரயில் வந்து பெரிய துறைமுகத்துக்கு வியாபாரம் மாறிய பிறகும், கூலி குறைவு என்பதால் மணல்முனை பிழைத்துக் கிடந்திருக்கிறது. 1926 தீ விபத்தோடு அதன் கதை முடிந்துவிட்டது.

அந்த விபத்தைப் பற்றித்தான் எனக்குப் போதிய காகிதம் இல்லை. பூட்டையாவின் தகரப் பெட்டி உங்களிடம் இருக்கிறது. இரண்டு நாள் கொடுத்தால் போதும். ஆள் விட்டு அனுப்பினாலும் சரி, நான் வாசலில் நின்று வாங்கிக்கொள்ளச் சொன்னாலும் சரி.

அம்மா எப்படி இருக்கிறார்கள்?

உங்கள் தங்கை,
அருணாதேவி


சிவகாசி
11 ஆகஸ்ட் 2025

அருணாதேவிக்கு,

கடிதம் கிடைத்தது. பட்டாசு சீசன் நேரம். அதனால் சுருக்கமாக.

பெட்டி தர முடியாது. வீட்டைவிட்டுப் போனவளுக்கு வீட்டுக் காகிதத்தில் என்ன வேலை?

பூட்டையாவைப் பற்றி எழுத ஆராய்ச்சி எதற்கு? நம் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெறுங்கையோடு மணல்முனைக்குப் போய்த் தரகு பார்த்து, பிறகு சொந்தச் சரக்கு இறக்கியவர். சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் ஆரம்பித்தவர்களுக்கு முதலில் தீக்குச்சி மருந்து வரவழைத்துக் கொடுத்தது அவர் கைதான். ஜெட்டியில் தீப்பிடித்தபோது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஏழு பேரைக் கரைக்குத் தூக்கிப் போட்டார். ஒரு கூலிக்காரன் பீடி குடித்துக் கெடுத்த கேடு அது. கோர்ட்டில் தண்டனையும் ஆயிற்று. இவ்வளவுதான் வரலாறு.

ஜெட்டி முகப்பில் கருங்கல் ஒன்று நான் செய்து கொடுக்கிறேன். "தீயில் இறங்கி உயிர் காத்த வள்ளல் பத்திரகாளி" என்று எழுதச் சொல்லிக் குழுவும் சம்மதித்துவிட்டது. உன் புத்தகமும் அதைச் சொன்னால் போதும்.

அம்மா நலம். கேட்டதால் சொல்கிறேன்.

ஜெயச்சந்திரன்


விருதுநகர்
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. சுற்றியிருந்த சேலைத் துணியைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. நான் பெயரை எழுத மாட்டேன், நீங்களும் வீட்டில் கேட்க வேண்டாம். எண்பது வயதில் ஒருவர் துணிந்து செய்த காரியத்துக்குச் சத்தம் போட்டு என்ன ஆகப் போகிறது?

உள்ளே பூட்டையா 1925 முதல் 1927 வரை எழுதிய கடிதங்களின் நகல்கள். இரண்டு கடிதங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

முதல் கடிதம் 1926 செப்டம்பர் 9, கொழும்பு ஏஜெண்டுக்கு. தீப்பெட்டி மருந்துக்கான குளோரேட் அப்போது சீமையிலிருந்து கொழும்பு வழியாக வந்துகொண்டிருந்தது. ஆபத்தான சரக்கு எதையும் ஜெட்டியில் இறக்கக் கூடாது என்று சட்டம். தெற்கே மணல்திட்டில் தனி ஷெட் உண்டு. சின்னப் படகில், பகலில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக அங்கே கொண்டுபோக வேண்டும். பத்து நாள் பிடிக்கும். பூட்டையா எழுதுகிறார்: "தீபாவளி கிட்டத்தில் வருகிறபடியால் சரக்கு சீக்கிரம் சிவகாசி சேர வேணும். பீப்பாய்களில் சலவை சோடா என்று எழுதி அனுப்பவும். இங்கே நான் பார்த்துக்கொள்ளுகிறேன்."

அக்டோபர் 19ஆம் தேதி நூற்றிருபது பீப்பாய் சலவை சோடா ஜெட்டியில் இறங்கியது. பக்கத்திலேயே கந்தக மூடைகள். மதியம் வெடித்தது. பதினாலு பேர் செத்தார்கள். பீடி குடித்ததாகச் சவேரிமுத்து என்ற லோடுகாரருக்கு நாலு வருஷக் கடுங்காவல். இரண்டாவது வருஷம் சிறையிலேயே இறந்துபோனார். அவர் பீடி குடித்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னது பூட்டையாவின் கணக்கப்பிள்ளை.

இரண்டாவது கடிதம் அக்டோபர் 22, அதே ஏஜெண்டுக்கு. ஒரே வரி, யாரையோ எழுத வைத்தது. "போன மாசக் கடிதத்தை எரித்துவிடவும்." அடுத்தவரை எரிக்கச் சொன்ன மனிதர் தன் நகலை ஏன் வைத்திருந்தார் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் தீயில் இறங்கியதும் உண்மைதான், அண்ணே. ஆஸ்பத்திரிக் குறிப்பில் இரண்டு கையும் வெந்ததாக இருக்கிறது. தூக்கியது ஏழு பேரை இல்லை, மூன்று பேரை. அதையும் எழுதுவேன். இதையும் எழுதுவேன். அச்சுக்குப் போகும் முன் நீங்கள் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். கடிதங்களின் படம் இத்துடன்.

அருணா


சிவகாசி
30 ஆகஸ்ட் 2025

அருணாதேவிக்கு,

வீட்டுக்குள் புகுந்து திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அம்மாவைத் திருட வைத்துவிட்டாய். கேட்டேன். ஆமாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவனுக்கு இப்போது என்ன நியாயம் வாங்கிக் கொடுக்கப் போகிறாய்? அந்தச் சவேரிமுத்து உன் புருஷன் சாதிசனம் என்பதால் பாசம் பொங்குகிறதோ? நம் பேர் நாறினால் உனக்கு என்ன லாபம்? பதினோரு வருஷம் காத்திருந்து பழி வாங்குகிறாய் என்றுதான் ஊர் சொல்லும். நானும் அதைத்தான் சொல்வேன்.

புத்தகத்தை எங்கே அச்சடிப்பாய்? சிவகாசியில் எந்த பிரஸ்ஸில் உன் ஃபைல் ஏறினாலும் அரை மணி நேரத்தில் எனக்கு போன் வரும். வெளியூரில் அடித்தால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

உனக்கு வியாபாரம் என்றால் என்னவென்று தெரியாது. அய்யா உன்னைப் படிக்க வைத்தார், எனக்குச் சாவிக்கொத்தைக் கொடுத்தார். சரக்கின் பேரை மாற்றி எழுதுவது அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. எழுதினால்தான் நாலு குடும்பம் பிழைக்கும். நாளைக்கு ஆமத்தூர் குடோனுக்கும் வந்து சோடா டிரம்மைத் திறந்து பார்ப்பாயோ?

இனி கடிதம் போடாதே.

ஜெயச்சந்திரன்


விருதுநகர்
7 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

கடிதம் போடாதே என்றீர்கள். உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு போடாமல் இருக்க முடியவில்லை.

ஆமத்தூரில் நமக்கு இருந்தது அய்யாவின் பஞ்சுக் குடோன். அது மூடிப் பதினைந்து வருஷம் இருக்கும். அங்கே எதற்குச் சோடா? நேற்று சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

கதவில் புதுப் பூட்டு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கந்தக வாடை வருகிறது. நானும் அந்த வாடையில் வளர்ந்தவள்தானே? குடோனின் வடக்குச் சுவரை ஒட்டி இப்போது ஒரு தையல் கம்பெனி இருக்கிறது, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இருபத்திரண்டு பெண்கள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறார்கள். குடோன் வாசலில் நிழல் இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் உட்காருகிறார்கள்.

மாரித்தாய் என்று ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"யாரு தாயி? குடோன் மொதலாளி வீட்டு ஆளா?"

"உள்ள என்ன வச்சிருக்காக?" என்று கேட்டேன்.

"சோடா டிரம்மு. துணி தொவைக்கிற சோடாவாம். லோடு எறக்குன அன்னிக்கு ஒண்ணு ஒடஞ்சி சிந்திருச்சி. வீணாப் போகுதேன்னு நான் கூட்டி அள்ளி வச்சிருக்கேன். இந்தா பாருங்க."

காப்பிப் பொடி பாட்டில் நிறைய வெள்ளைப் பொடி, அண்ணே. சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை துணி ஊறப்போட வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாராம். நான் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். சோடா என்றால் வழுவழுவென்று வழுக்கும். இது வழுக்கவில்லை.

கெட்டுப்போன சோடா, கை வெந்துவிடும் என்று சொல்லிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஜெரின் பெரிய அண்டாத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்.

பட்டாசுக்குக் கூடாது என்று தடை செய்த குளோரேட், கந்தகத்தோடு ஒரே கூரையின் கீழே. இரண்டும் கலந்தால் உரசினாலே வெடிக்கும். இது உங்களுக்குத் தெரியாத பாடமா? நான் போய்த்தான் சொல்ல வேண்டுமா?

எடுத்துவிடுங்கள். எப்படி என்று எனக்குத் தெரியாது, எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நான் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன்.

அருணா


சிவகாசி
11 செப்டம்பர் 2025

தங்கச்சிக்கு,

கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். படித்ததும் கிழித்தேன். நீயும் இதைக் கிழித்துவிடு.

உண்மைதான். மறைக்கவில்லை. வடக்கே ஒரு பெரிய ஆர்டர். அவர்கள் கேட்கும் விலைக்குச் சரியான மருந்தில் செய்ய முடியாது. இரண்டு வருஷமாகக் கம்பெனி தள்ளாடுகிறது. இந்த ஆர்டரை விட்டால் தீபாவளிக்குப் பிறகு கேட்டைப் பூட்ட வேண்டியதுதான். நூற்றி நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களும் பெண்கள்தான். ஆமத்தூர்ப் பெண்களுக்கு மட்டும்தான் உயிரா?

அக்டோபர் பத்துக்குள் அவ்வளவும் காலியாகிவிடும். அதுவரை ஒரு சின்னப் பொறி விழாது. பாதுகாப்பு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் இந்த மருந்தோடுதான் இருக்கிறேன்.

இன்னொன்று. நேற்று அம்மா பேசினார்கள். "அவளையும் அவ மாப்பிள்ளையவும் புள்ளையவும் கூப்பிடுலே. நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தீவாளி எல்லாரும் ஒண்ணா உண்ணணும்." நானும் யோசித்தேன். வாருங்கள். மூன்று பேரும் வாருங்கள். உன் மதினி உன் அறையைக் கழுவி வைத்துவிட்டாள். உன் மகள் பெயர் பியூலா என்று அம்மா சொல்லித்தான் தெரியும். எட்டு வயதாமே. நான் இன்னும் முகம் பார்க்கவில்லை.

அக்டோபர் பத்து வரை பொறுத்துக்கொள். அண்ணன் கேட்கிறேன்.

ஜெயச்சந்திரன்


விருதுநகர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதினோரு வருஷம் நான் காத்திருந்த அழைப்பு இது. ஒவ்வொரு தீபாவளிக்கும் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அழைத்த கடிதத்தை ஜெரினிடம் காட்டவே இரண்டு நாள் ஆயிற்று. படித்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "போகணும்னா போவோம். ஆனா எதுக்காகக் கூப்பிடுதாகன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போவோம்."

வர மாட்டேன், அண்ணே. இந்த விலைக்கு வர மாட்டேன்.

1926 விசாரணையில் எடுத்த வாக்குமூலம் ஒன்று நேற்றுத்தான் படித்து முடித்தேன். ஜெட்டிமேல் கருவாடு விற்ற பெண் சொன்னது. பீப்பாய் ஒன்று உடைந்து வெள்ளைப் பொடி பலகையெல்லாம் சிந்திக் கிடந்ததாம். சோடாதானே என்று எல்லாரும் மிதித்துக்கொண்டு போனார்களாம். கந்தக மூடையும் ஓட்டையாகி அதோடு கலந்திருக்கிறது. "தள்ளுவண்டிச் சக்கரம் அது மேல ஏறுச்சி. படபடன்னு சத்தம் வந்திச்சி. என்னமோ பொரியுதேன்னு ஆளுக குனிஞ்சி பாத்தாக. ஓடலே. குனிஞ்சி பாத்தாக." சவேரிமுத்து அந்த நேரம் கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். தீர்ப்பில் அந்த வரியையே காணோம்.

என்ன சரக்கு என்று தெரிந்திருந்தால் குனிந்திருக்க மாட்டார்கள். பதினாலு பேரும் அந்தப் பெயரால்தான் செத்தார்கள்.

உங்களுக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அது சோடா. வருகிற ஞாயிறு, 21ஆம் தேதி வரை பார்ப்பேன். அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பழக்கதோஷம், காகிதத்தைக் கிழிக்கக் கை வருவதில்லை.

அருணா


சிவகாசி
9 அக்டோபர் 2025

அருணாதேவிக்கு,

முந்தாநாள் ஜாமீனில் வந்தேன். பேப்பரில் படித்திருப்பாய். பேப்பரில் வராததை நான் சொல்கிறேன்.

செப்டம்பர் 20ஆம் தேதி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாரியோடு ஆமத்தூர் போனேன். சரணடையப் போகவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்ளாதே. ஆலங்குளம் பக்கம் ஒரு பழைய ஷெட் பேசி வைத்திருந்தேன். நீ கொடுத்த கெடுவுக்குள் அங்கே மாற்றிவிடலாம் என்று போனேன்.

லோடுமேன் ஆறு பேர். அவர்களுக்கு மேஸ்திரி செழியன், இருபது வருஷமாக நம் லோடு தூக்குகிறவன். குடோனைத் திறந்தேன். அவன் முதல் டிரம்மைச் சாய்த்துப் பார்த்தான், கீழே வைத்தான்.

"மொதலாளி, சோடா இம்புட்டு கனக்காதே. என்ன சரக்கு இது?"

"சோடாதான்லே. தூக்கு."

"கந்தகம் வேற கெடக்கு. உள்ளதச் சொல்லுங்க. எங்கள மாதிரி ஆளுக்கு ஒங்க வாய்தான் லேபிளு."

உன் கடிதத்தில் இருந்த கருவாட்டுக்காரி எங்கிருந்தோ வந்து கண்முன் நின்றாள். குனிந்து பார்த்தார்கள், ஓடவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டேன்.

"குளோரேட்டு" என்றேன்.

காதில் பீடி செருகியிருந்த பையன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனான். மற்றவர்களும் போனார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துச் சாவியை என் கையில் வைத்துவிட்டு அவனும் போனான். கடைசியாகச் செழியன். "நீங்களும் வாங்க மொதலாளி. அங்கன நிக்காதீக."

தையல் பெண்கள் எட்டு மணிக்கு வர ஆரம்பித்தார்கள். செழியன்தான் ரோட்டில் மறித்து நிறுத்தினான். அந்த மாரித்தாய் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, அதைய என் வீட்டுக்குக் கொண்டுபோயி புள்ளைக சட்டைய ஊறப்போட்டிருந்தேன்னா என்ன ஆயிருக்கும்?" ஷெட்டுக்குக் கொண்டுபோகத் தூக்க ஆளில்லை. நானே தூக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டேன். "என்ன சரக்கு?" என்று அங்கேயும் கேட்டார்கள். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருந்தது.

இப்போது கம்பெனிக்குச் சீல். நூற்றி நாற்பது பேருக்குத் தீபாவளி இல்லை. போனஸ் கேட்டு வாசலில் நிற்கிறார்கள், மதினி மோர் கொடுத்து உட்கார வைக்கிறாள். அவர்களுக்கு உன் புத்தகத்தில் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறாய்?

நீ ஜெயித்தாய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நானாகத்தான் சொன்னேன். யாரும் வந்து பிடிக்கவில்லை. அதை மட்டும் எழுதி வைத்துக்கொள்.

ஜெயச்சந்திரன்


விருதுநகர்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களாகத்தான் சொன்னீர்கள். அதை நான் யாரிடமும் சொல்லத் தயார். ஆனால் என் பக்கத்தில் ஒன்று மறைந்து கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு உங்களோடு பேச எனக்கு யோக்கியதை இல்லை.

செப்டம்பர் 21ஆம் தேதி வரை பார்ப்பேன் என்று எழுதினேன். பார்க்கவில்லை. 16ஆம் தேதி மாரித்தாய் போன் செய்தார். "தாயி, இன்னொரு லோடு வந்து எறங்குது. நாப்பது டிரம்மு இருக்கும்." காலி செய்யப் போகிறேன் என்று எழுதிய கை மேலும் நாற்பது இறக்குகிறதே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. உங்களைக் கேட்டிருக்கலாம், நேரில் வந்து வாசலில் நின்று கத்தியிருக்கலாம். செய்யவில்லை. 17ஆம் தேதி காலையில் போலீஸுக்குப் போய் எழுத்தில் மனு கொடுத்துவிட்டேன். உங்கள் பெயர், குடோன், சரக்கு, எல்லாம். உங்கள் கடிதத்தின் நகலும் சேர்த்து. மூன்று நாள் அது யார் மேசையிலோ கிடந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இது மனுவைவிட என்னை அறுக்கிறது. செப்டம்பர் 6ஆம் தேதி அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் மாரித்தாயிடம் என்ன சொன்னேன்? கெட்டுப்போன சோடா என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே ஊர் கூடும், போலீஸ் வரும், உங்களுக்கு விலங்கு விழும் என்று பயந்தேன். அடுத்த பதினைந்து நாளும் அந்தப் பெண்கள் அதே நிழலில் சாப்பிட்டார்கள். பூட்டையா எழுதிய அதே பெயரைத்தான் நானும் சொன்னேன், நம் குடும்பத்துக்காக. எழுதி வைத்துக்கொள் என்றீர்கள், எழுதிவிட்டேன்: சரியான பெயரைச் சரக்குக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் முதலில் சொன்னது நீங்கள். நான் இல்லை.

போன வாரம் மாரித்தாய் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "படிச்ச பிள்ள நீயுமா தாயி?" என்றார். அவ்வளவுதான்.

புத்தகம் மதுரையில் அச்சாகிறது. சவேரிமுத்துக்கு ஒரு அத்தியாயம். பூட்டையாவின் வெந்த கைகளும் அதில் உண்டு.

என்ன எழுதி முடிப்பது என்று தெரியவில்லை.

அருணா


சிவகாசி
16 அக்டோபர் 2025

தங்கச்சிக்கு,

மனு விஷயம் எனக்குத் தெரியும். ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதும்போது அதிகாரி உன் மனுவை எடுத்து என் முன்னால் வைத்தார். 17 என்று தேதி போட்டு, உன் குண்டுக் கையெழுத்தில். அடிக்கோடுகூட ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாய். போன கடிதத்தில் நான் அதை எழுதாதது, நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்றுதான். நாற்பது டிரம் இறக்கியதை நான் எழுதாமல் விட்டதுபோல. அது நீ கெடு வைத்த பிறகு இறக்கியது. ஆர்டரை விட மனம் வரவில்லை. இப்போது ஒளிக்க எதுவும் இல்லாமல் இரண்டு பேர் கையும் காலியாக இருக்கிறது.

ஜெயிலில் கோபம் வரவில்லை என்றால் பொய். முதல் நான்கு நாள் உன்னைத் தவிர வேறு யாரையும் திட்டவில்லை. ஐந்தாம் நாள் செழியன் மனு போட்டுப் பார்க்க வந்தான். இனி என் லோடு தூக்க மாட்டானாம், அதை நேரில் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறான். சொல்லிவிட்டு, கொண்டுவந்த சேவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு உன்னைத் திட்ட முடியவில்லை.

அந்தக் கல் வேண்டாம் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். வேறு கல் வேண்டுமா, அதில் யார் பெயர் என்பதையெல்லாம் நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் இப்போது எதற்கும் பேர் வைக்கிற நிலையில் இல்லை. கம்பெனியில் பாதிப் பேருக்குப் பக்கத்துப் பட்டாசு ஆபீஸ்களில் வேலை கேட்டு அலைந்துகொண்டிருக்கிறேன். அறுபது பேருக்குக் கிடைத்திருக்கிறது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. நீ என்னை மன்னித்தாயா என்று நானும் கேட்கப் போவதில்லை.

அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நீ எழுதிய அந்த அத்தியாயத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டுமாம். மதினி படித்தால் வேண்டாம் என்கிறார்கள். "எழுதுனவ வந்து வாசிக்கட்டும்" என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வா. மறுநாள் தீபாவளி. மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கூட்டி வா. ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். பத்திலிருந்து பதினொன்று வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன். என் முகத்தைப் பார்க்க விருப்பம் இல்லையென்றால் அந்த நேரத்தில் வந்து அம்மாவுக்கு வாசித்துவிட்டுப் போ. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பதினொரு மணிக்குமேல் வந்தால் நான் இருப்பேன்.

அண்ணன்